காய்ச்சல் இல்லையென்றால் ஊசிக்கு அவசரப்படாதீர்கள்

வணக்கம். முதியோர் இல்லத்தில் இருக்கும் அம்மாவுக்கு யூரின் கல்ச்சரில் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) 'ஈஎஸ்பிஎல் ஈ.கோலை', அதாவது பல ஆன்டிபயாடிக்குகளுக்குக் கட்டுப்படாத ஒரு குடல் கிருமி, வந்திருக்கிறது, காய்ச்சலோ எரிச்சலோ இல்லை, ஆன்டிபயாடிக் ஊசி போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அறிகுறி இல்லாமல் சிறுநீரில் கிருமி இருப்பது இல்லங்களில் உள்ள வயதான பெண்களிடம் ரொம்பச் சாதாரணம், சிறுநீர் போக டியூப் போட்டு மாதக்கணக்கானால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருக்கும், அதற்குப் போய் ஆன்டிபயாடிக் கொடுத்தால் அடுத்த முறை நிஜமாகவே தொற்று வரும்போது மருந்து கேட்காமல் போகலாம். டாக்டரிடம் இதை நேராகவே கேளுங்கள். குளிர் நடுக்கம், காய்ச்சல், விலாவில் வலி வந்தால் கதை வேறு, உடனே ஆஸ்பத்திரி.

அப்புறம், யூரின் பையை எப்படிக் காலி செய்கிறார்கள் என்று பாருங்கள். என் மாமியார் இருந்த இடத்தில் ஒரே கையுறை, ஒரே மக், வரிசையாக நாலு கட்டில். கிருமி பரவுவது அப்படித்தான்.