புதுசா அசெம்பிள் பண்ண பிசில ஃபேன் சுத்துது, லைட் எரியுது, ஆனா மானிட்டர்ல "நோ சிக்னல்"னு வருது. ப்ராசஸர் ஐ5 12400எஃப். கிராபிக்ஸ் கார்டு போயிடுச்சா?

டென்ஷன் ஆவாத ப்ரோ, புதுசா அசெம்பிள் பண்ணதுன்ற, கார்டு போயிருக்க சான்ஸ் கம்மிதான். நான் வட சென்னைல கொடுங்கையூர், வேலை போக மிச்ச நேரத்துல ஏரியா பசங்களுக்கு சிஸ்டம் மாட்டிக் குடுப்பேன், இந்த "எல்லாம் சுத்துது, டிஸ்ப்ளே மட்டும் வரல" கேஸுதான் எனக்கு ரொம்ப வரும். வரவன் எல்லாருமே "அண்ணா கார்டு போச்சா"ன்னுதான் ஆரம்பிப்பான். நான் திருப்பி கேக்குறது ஒன்னுதான், படம் எந்த இடத்துல நிக்குது? ஆன் பண்ணதுலேர்ந்தே ஒன்னுமில்லையா, இல்ல மதர்போர்டு லோகோ வந்து விண்டோஸ் வட்டம் சுத்துற வரைக்கும் வந்துட்டு கருப்பாவுதா, இல்ல நல்லா ஓடினு இருந்து கேம் போட்டா மட்டும் போவுதா. மூணும் வேற வேற கேஸு, ஒன்னுக்கு பாக்குற வேலை இன்னொன்னுக்கு ஆவாது.

உன்னுது முதல் கேஸ். மொதல்ல எச்டிஎம்ஐ கேபிள் எங்க சொருகிருக்கன்னு பாரு, சிரிக்காத, நிறைய பேர் மாட்றது இங்கதான். கேபினெட் பின்னாடி யுஎஸ்பி பக்கத்துல ஒரு எச்டிஎம்ஐ இருக்கும், அது போர்டோடது, கீழ கார்டுல படுத்த மாதிரி இருக்குறதுதான் உனக்கு வேண்டியது. உன் ப்ராசஸர் பேருக்கு கடைசில எஃப் இருக்குல்ல, அதுல உள் கிராபிக்ஸே கெடையாது, போர்டுல போர்ட் இருந்தாலும் அதுல ஜென்மத்துக்கும் படம் வராது. அப்புறம் மானிட்டர் பட்டன அமுக்கி சோர்ஸ் சரியா இருக்கான்னு பாத்துக்க, டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்னா கார்டு போர்ட்ல மூடி வெச்சிருக்குற சின்ன பிளாஸ்டிக் கேப்ப எடுத்தியான்னும் பாத்துக்க.

அடுத்தது பவர். போர்டுல கார்டு உக்கார்ற ஸ்லாட் வழியா கார்டுக்கு 75 வாட்தான் வரும், மீதிய 8 பின் கேபிள்தான் தரணும், அது ஒன்னு 150 வாட் வரைக்கும். எஸ்எம்பிஎஸ்லேர்ந்து, அதான் கேபினெட்டுக்குள்ள கரன்ட் குடுக்குற டப்பாலேர்ந்து, பாக்குறதுக்கு ஒரே மாதிரி ரெண்டு 8 பின் வரும், 4+4ஆ பிரியுறது ப்ராசஸருக்கு, 6+2ஆ பிரியுறது கார்டுக்கு. உள்ள ஓட்டை ஷேப் வேற, தானா போவலன்னா தள்ளாத. கழட்டி மாட்டுற மாடுலர் டைப்னா இன்னும் உஷாரா இரு, வேற எஸ்எம்பிஎஸ்ஸோட கேபிள் கரெக்டா உக்காரும் ஆனா உள்ள பின் வரிசை மாறியிருக்கும், ஃப்ரெண்டு கிட்ட கேபிள் வாங்கி சொருகி எரிச்சிட்டு அப்புறம் கம்பெனிய திட்டி பிரயோஜனம் இல்ல.

கேபிளும் பவரும் ஓகேன்னா கார்டு உக்காந்த விதம். இத கொஞ்சம் பொறுமையா படி, ஏன்னா கண்ணுக்கு சரியா உக்காந்த மாதிரியே இருக்கும். வியாசர்பாடில ஒரு தம்பி வீட்ல போர்டையே மாத்தணும்னு யாரோ சொல்லி அனுப்பிட்டாங்க, அவங்கம்மா மூஞ்சியே செத்துப் போச்சி. கேபினெட்ட கட்டில் மேல படுக்க வெச்சி ஃபோன் டார்ச்ச சைடுல அடிச்சி பாத்தா கார்டோட தங்கக் கலர் கோடு ஒரு முனைல உள்ள போயிருக்கு, இன்னொரு முனைல மயிரிழை வெளிய தெரியுது. காரணம் ஸ்க்ரூ. கம்மி விலை கேபினெட்ல பின் தகடு ஒழுங்கா நேரா இருக்காது, நீ ஸ்க்ரூவ முறுக்க முறுக்க அது அந்தப் பக்கம் இழுத்து இந்தப் பக்கம் கார்டோட வால தூக்கிடும். ஸ்க்ரூவ முழுசா லூஸ் பண்ணி, கார்ட ரெண்டு முனைலயும் சமமா அமுக்குனா ஸ்லாட்டு கடைசில இருக்குற கிளிப் டக்குனு பூட்டும், அந்த சத்தம் வரணும், வந்தப்புறம் ஸ்க்ரூவ லேசா முறுக்குனா போதும். ஆன் பண்ணோம், லோகோ வந்துடுச்சி, போர்டாவது மாத்துறதாவது. நீயும் ப்ளக்க கழட்டிட்டு இத செஞ்சி பாரு, ப்ராசஸருக்கு கிட்ட இருக்குற மேல் ஸ்லாட்லயே போடு, கீழ இருக்குற நீள ஸ்லாட் நிறைய போர்டுல பேருக்குதான் நீளம், உள்ள லேன், அதான் டேட்டா போற வழி, கம்மி.

அப்பவும் வரலையா, போர்டு ஓரத்துல சிபியு, டிராம், விஜிஏ, பூட்னு சின்னதா எழுதி நாலு லைட் இருக்கா பாரு, ரொம்ப கம்மி விலை போர்டுல இருக்காது. எதுல எரிஞ்சிட்டு நிக்குதோ அங்கதான் மேட்டர். டிராம்ல நின்னா கார்ட தொடாத, ராம கழட்டி ஒத்த குச்சிய மட்டும் ப்ராசஸர் பக்கத்துலேர்ந்து எண்ணி ரெண்டாவது ஸ்லாட்ல போட்டு பாரு. டிடிஆர்5 ராம்னா இன்னொரு விஷயம், முதல் வாட்டி ஆன் பண்றப்போ ராம பழக்கிக்க போர்டுக்கு சில நிமிஷம் ஆவும், ஸ்க்ரீன் கருப்பாதான் இருக்கும், வரலையேன்னு அவசரப்பட்டு ஆஃப் பண்ணா மறுபடி முதல்லேர்ந்து. விஜிஏல நின்னா மட்டும்தான் கார்டு மேல சந்தேகம். அது ரொம்ப பழைய செகண்ட் ஹேண்ட் கார்டா இருந்தா யுஇஎஃப்ஐ, அதான் இப்போ போர்டுங்க ஆன் ஆவுற புது முறை, தெரியாத கார்டா இருக்கலாம், உன் போர்டுல அதுக்கு படம் வராம போவலாம். கார்ட நிக்க வெக்க ரைசர் கேபிள் போட்டிருந்தா மொதல்ல அத தூக்கிப் போட்டுட்டு நேரா மாட்டி பாரு.

லோகோ வந்து விண்டோஸ்ல கருப்பாவுற கேஸ்னா அது பெரும்பாலும் டிரைவர், அதான் விண்டோஸ் கார்ட ஓட்டுற சாஃப்ட்வேர். விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நாலையும் ஒன்னா அமுக்கு, டிரைவர் ரீசெட் ஆவும், சில நேரம் அதுலயே படம் வந்துடும். வரலன்னா சேஃப் மோட்ல போயி டிடியு (DDU)ன்ற டூல் வெச்சி பழைய டிரைவர சுத்தமா எடுத்துட்டு, நெட்ட கட் பண்ணி வெச்சிட்டு புதுசு போடு, இல்லன்னா நீ போடுறதுக்குள்ள விண்டோஸ் அப்டேட் நடுவுல பூந்து அதுவா ஒன்ன போட்டுக்கும். கேம்ல போவுதுன்னா எஸ்எம்பிஎஸ், சூடு, இல்ல செகண்ட் ஹேண்ட் கார்டோட மெமரி, கலர் கலரா கட்டம் கட்டமா வந்தா பெரும்பாலும் மெமரிதான், காச திருப்பிக் கேளு.

நம்ம பக்கத்துக்குன்னு ரெண்டு விஷயம். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் மாதிரி கடல் ஓரத்துல ஓடுன பழைய கார்டு வாங்குனா அந்த தங்கக் கலர் காண்டாக்ட்ட பாரு, உப்புக் காத்துல மங்கிப் போயிருக்கும், பென்சில் அழிக்கிற ரப்பரால மெதுவா தேச்சி தூள ஊதிட்டு மாட்டு. இன்னொன்னு எர்த். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பழைய வீடுங்கள்ல மூணு பின் ப்ளக் பாயின்ட் இருக்கும், உள்ள எர்த் ஒயரே இருக்காது. கேபினெட்ட வெறுங்கையில தொட்டா சுர்ருனுதா, கீழ்வீட்ல தண்ணி மோட்டர் போடுறப்போ ஸ்க்ரீன் ஒரு செகண்ட் கருப்பாகி திரும்ப வருதா, அப்போ கார்ட விட்டுட்டு எலக்ட்ரீஷியன கூப்புடு. அது வரைக்கும் பவர் ஆன்ல இருக்குறப்போ எச்டிஎம்ஐய கழட்டி மாட்டாத, எர்த் இல்லாத இடத்துல போர்ட் அடிபடுறது அப்படித்தான்.

எல்லாம் பாத்தும் விஜிஏ லைட்லயே நிக்குதுன்னா உன் கார்ட மட்டும் ஃப்ரெண்டோட சிஸ்டத்துல போட்டு பாரு, அங்கயும் வரலன்னாதான் வாரன்டிக்கு போ. ஃப்ரெண்டு யாரும் இல்லன்னா கம்ப்யூட்டர் கடைங்க இருக்குற ரிச்சி ஸ்ட்ரீட்டு, தண்டையார்பேட்டைல மெட்ரோ ஏறுனா அரசினர் தோட்டத்துல எறங்கி நடந்துடலாம். முழு கேபினெட்டையும் தூக்கினு போறதா இருந்தா கார்ட கழட்டி அதோட டப்பாலயே தனியா எடுத்துட்டு போ, உள்ளயே மாட்டி ஷேர் ஆட்டோல குலுங்க குலுங்க போனா ஸ்லாட்டு விட்டுக்கும். பில்லும் கைல இருக்கட்டும், அதுல இருக்குற சீரியல் நம்பர் கார்டு மேல ஒட்டியிருக்குற ஸ்டிக்கரோட ஒத்துப் போவுதான்னு வீட்லயே பாத்துட்டு கெளம்பு.