ஓடும் நீரைப் படமெடுத்தல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சென்ற ஜூலையில் சாரல் நன்றாக இருந்தபோது குற்றாலம் ஐந்தருவிக்குச் சென்றிருந்தேன். நீர் பட்டுப்போல் விழ வேண்டும் என்பதற்காக ஷட்டரை இரண்டு விநாடி திறந்து வைத்தேன். அருவி இருந்த இடம் வெறும் வெள்ளையாகிவிட்டது. லென்ஸின் ஒளித்துளையான அப்பர்ச்சரை எஃப் 22 வரை குறுக்கியும் பயனில்லை. எங்கே தவறினேன்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: முதலில் வெளிச்சக் கணக்கைப் பார்த்துவிடுவோம். மேகம் மூடிய நேரத்தில், மரநிழலில், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 100, எஃப் 11 என்று வைத்தால் ஏறத்தாழ 1/15 விநாடி போதும். நீங்கள் திறந்து வைத்த இரண்டு விநாடி அதைப்போல் முப்பது மடங்கு. எஃப் 22-க்குக் குறுக்கும்போது வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிறது. அப்போதும் ஏழெட்டு மடங்கு மிஞ்சுகிறது. போதாததற்கு, துளை அவ்வளவு சிறுத்தால் ஒளி விளிம்பில் வளைந்து சிதறுவதால் பாறையின் கூர்மையும் மழுங்கிவிடும். ஆகவே எஃப் 11-ஐத் தாண்டாமல், நிறத்தை மாற்றாது ஒளியை மட்டும் குறைக்கும் என்.டி. ஃபில்டரை லென்ஸின் முன் பொருத்துங்கள். என்.டி. 8 ஒளியை எட்டில் ஒரு பங்காக்கும். மேற்சொன்ன 1/15 விநாடி அப்போது அரை விநாடியாக நீளும்.

அரை விநாடி போதுமா என்று நீங்கள் கேட்கலாம். சாரல் காலத்து ஐந்தருவிக்கு அதுவே தாராளம் என்பது என் கருத்து. பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர், காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், அடியை எட்டும்போது விநாடிக்கு 14 மீட்டர் வேகத்தில் இருக்கும். கால் விநாடிக்குள்ளேயே மூன்று மீட்டருக்கு மேல் கடந்துவிடும். கால் விநாடியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: பாறை விளிம்பில் கண்ணாடித் தகடுபோல் வளையும் நீர், ஒரு முழம் இறங்கியதும் நூல் நூலாகப் பிரிவதும், பாறைப் புடைப்பில் மோதிய இழை மட்டும் விசிறியாக விரிவதும் தெரியும். இரண்டு விநாடியில் இந்த இழைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, வேட்டியைக் காயப்போட்டதுபோல் ஒரே வெள்ளையாகிவிடுகின்றன. அருவியின் உடம்பு அந்த இழைகளில்தான் இருக்கிறது, அதை இழக்காதீர்கள். மெலிந்து மெதுவாக ஓடும் ஓடைக்கு மட்டும் ஒன்றிரண்டு விநாடி பொருந்தும்.

பளபளப்பைத் தடுக்கும் ஃபில்டரான போலரைசர் ஒன்றும் கையில் இருக்கட்டும். அதை மெல்லச் சுழற்றினால் நனைந்த பாறையின் பளபளப்பு அடங்கி, பாசியின் பச்சை வெளிப்படும். ஒளியும் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) குறையும் என்பதால், அந்தி வேளையில் வேறு ஃபில்டரே தேவைப்படாது. குளிப்பவர்களைப் படச்சட்டத்துக்குள் கொண்டுவராமல், அருவியின் மேற்பகுதியை மட்டும் எடுப்பதே மரியாதை.

கேள்வி: கன்னியாகுமரிக் கடற்கரையில் முக்காலியில் வைத்து எடுத்தும் படம் அசைந்துபோகிறது. காரணம் என்ன?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: முக்காலியின் கால்களை உற்றுப் பாருங்கள். அலை திரும்பும்போது ஒவ்வொரு காலைச் சுற்றியும் மணல் அரித்து ஒரு சிறு குழி விழும். கேமரா கண்ணுக்குத் தெரியாத அளவு சரிந்துகொண்டே இருக்கும். நானும் இப்படி ஒரு விடியற்காலை முழுவதையும் இழந்திருக்கிறேன். கால்களை அழுத்தி ஆழமாக ஊன்றி, இரண்டு மூன்று அலைகள் வந்துபோன பிறகு எடுங்கள். பாறைமேல் நிறுத்த இடம் இருந்தால் இன்னும் நல்லது. நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். முக்காலியில் இருக்கும்போது லென்ஸின் நடுக்கக் குறைப்பை அணைத்துவிட்டு, இரண்டு விநாடி டைமரில் எடுங்கள். அலை பின்வாங்கும் கணத்தில் அரை விநாடி கொடுத்தால் நுரை மணலில் கோடு கோடாக இழுபடும். முப்பது விநாடி கொடுத்தால் கடல் பனிமூட்டமாகிப் பாறைகள் மட்டும் மிதக்கும். பகல் வெளிச்சத்தில் இந்த இரண்டாம் வகைக்கு என்.டி. 1000 வேண்டும். அதைப் பொருத்தினால் வ்யூஃபைண்டரில் ஒன்றும் தெரியாது என்பதால், ஃபோகஸை முன்பே சரிசெய்து மேனுவலில் நிறுத்திவிடுங்கள். வீடு திரும்பியதும் முக்காலியை நல்ல தண்ணீரில் கழுவத் தவறாதீர்கள்.

கேள்வி: செல்போனில் இது முடியுமா?
– வாசகர், தென்காசி

பதில்: முடியும். புரோ முறையில் ஐஎஸ்ஓவை மிகக் குறைவாக வைத்து, ஷட்டரைக் கால் விநாடிக்குக் கொண்டுவாருங்கள். பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சரை மாற்ற முடியாது என்பதால் விடியலும் அந்தியும்தான் ஏற்ற நேரம். ஐபோனில் லைவ் போட்டோவாக எடுத்து, பின்னர் லாங் எக்ஸ்போஷர் என்று மாற்றிக்கொள்ளலாம். எதில் எடுத்தாலும், ஓடைக்குள் நின்று எடுக்கும்போது தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, மலையில் மழை பிடித்துவிட்டது என்று பொருள். முக்காலியை விட்டாவது உடனே கரையேறிவிடுங்கள்.