போத்தல் தண்ணி நிறைஞ்சபடியே திரும்பி வருது

கேள்வி: அக்கா, என்ர மகள் தரம் 10. காலமை வெறும் தேத்தண்ணியோட சைக்கிள்ல வெளிக்கிட்டா பள்ளிக்கூடம், பிறகு அப்பிடியே ரியூசன், வீட்டை வர நாலரை ஆகும். குடுத்து விடுற தண்ணிப் போத்தல் நிறைஞ்சபடியே வருது. பின்னேரம் தலையிடி எண்டு படுத்திடுறா, படிச்சது ஒண்டும் ஏறுதில்லையாம். என்ன சாப்பாடு குடுத்து விடலாம்?
- ஒரு அம்மா, புதுக்குடியிருப்பு

பதில்: தங்கச்சி, சாப்பாட்டைப் பிறகு பாப்பம், முதல்ல அந்தப் போத்தல். ஏன் குடிக்கேல்லை எண்டு மகளிட்ட ஆறுதலாக் கேளுங்கோ. கன பொம்பிளைப் பிள்ளையள் பள்ளிக்கூட ரொய்லெட்டுக்குப் போகப் பிடிக்காமல்தான் தண்ணியைக் குறைக்கிறவை, வெக்கத்தில சொல்லவும் மாட்டினம். அதுதான் காரணமெண்டா ரெண்டு மூண்டு அம்மாமார் சேர்ந்து வகுப்பு ரீச்சரோட போய்க் கதையுங்கோ, இது பிள்ளை தனியச் சமாளிக்கிற விசயமே இல்லை.

உடம்பு நிறையில 2 சதவீதம் தண்ணி குறைஞ்சாலே கவனம் சிதறும், தலையும் இடிக்கும். 45 கிலோ பிள்ளைக்கு அது ஒரு லீற்றர் கூட இல்லை, எங்கட வன்னி வெயிலில சைக்கிள் மிதிக்கிற பிள்ளைக்கு அது போக எவ்வளவு நேரம் செல்லும் சொல்லுங்கோ. சலம் கடும் மஞ்சளாப் போனா தண்ணி காணேல்லை எண்டு அர்த்தம், மகளையே பாக்கச் சொல்லுங்கோ.

காலமை வெறும் வயித்தோட விடாதேங்கோ. அவிச்ச கௌபியில தேங்காய்ப்பூவும் கொஞ்சம் தேசிக்காய்ப் புளியும் விட்டுக் குடுங்கோ, புளி சேர்ந்தா இரும்புச்சத்து நல்லாச் சேரும், சாப்பாட்டோடயே தேத்தண்ணி குடிச்சா அது குறையும், அதால தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளி வையுங்கோ. ரியூசனுக்கு வறுத்த கச்சான் ஒரு பிடி காணும், முறிகண்டியில பஸ் நிக்கேக்க வாங்கிக் கொறிக்கிறமே அதேதான், 100 கிராமில 25 கிராம் அளவு புரதம் இருக்கு, பசியும் தாங்கும். ரோல்ஸும் சோடாவும் எப்பவாவது ஒருநாளைக்கு எண்டா பரவாயில்லை. சோடாப் போத்தலில 2016 இல இருந்து நிற அடையாளம் போடுறவை, சிவப்பெண்டா 100 மில்லிலீற்றரில 11 கிராமுக்கு மேல சீனி.

வீட்டை வந்த உடன உப்புப் போட்ட மோர் ஒரு கப் குடுங்கோ.

இப்பிடி ரெண்டு கிழமை செய்தும் தலையிடி நிக்கேல்லையெண்டா ஆஸ்பத்திரியில இரத்தம் சோதிச்சு ஈமோகுளோபின் பாருங்கோ, இந்த வயசுப் பிள்ளையளுக்கு அது குறையிறது கனக்க நடக்கிறது. கண்ணையும் ஒருக்காச் செக் பண்ணுவியுங்கோ.