அறிவியல் கேள்வி – பதில்: தழும்பே பதிவேடாகும் விதம்

கேள்வி (உயர்தர உயிரியல் மாணவி, கொக்குவில்): கலத்துக்குள் நடப்பவற்றை மரபணுத் திருத்தத்தின் மூலம் டி.என்.ஏ.யிலேயே பதிந்துவைக்கலாம் என்று வாசித்தேன். திருத்தும் கருவி எப்படிப் பதிவேடாக முடியும்? நோயாளர்களுக்கு இது பயன்படுகிறதா?

பதில்: ‘திருத்துதல்’ என்ற சொல்தான் உங்களைக் குழப்பியிருக்கிறது. மரபணுத் திருத்தத்துக்குப் பயன்படும் கிறிஸ்பர் முறையில் காஸ்9 என்னும் நொதியம், வழிகாட்டி ஆர்.என்.ஏ. காட்டும் இடத்தில் டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளையும் வெட்டுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. வெட்டுண்ட முனைகளைக் கலம் தானே பொருத்தும்போது டி.என்.ஏ.யின் சில எழுத்துகள் (மூலங்கள்) விடுபட்டுப்போகின்றன, அல்லது புதிதாக நுழைந்துவிடுகின்றன. மருத்துவர்கள் அஞ்சும் இந்த மாற்றத்தை, அதாவது தழும்பைத்தான் பதிவாய்வு செய்வோர் நாடுகிறார்கள்; ஏனெனில் கலம் பிரியும்போது அது மகட்கலங்களுக்கும் மாறாமல் சென்றுசேர்கிறது. கலத்தின் சொந்த மரபணுக்களைத் தொடாமல், இதற்கென்றே செருகிய செயற்கைத் துண்டொன்றில் தழும்புகளை விழச்செய்வதே வழக்கம்.

நொதியம் எப்போது உருவாகவேண்டும் என்பதை ஒரு நிகழ்வோடு பிணைத்துவிட்டால், அந்நிகழ்வு பதிவாகிவிடும். 2016 இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அழற்சிச் சமிக்ஞை கிடைத்தால் மட்டும் காஸ்9 ஐ உருவாக்கும் மனிதக் கலங்களை எலிகளில் பதித்து, அழற்சியைத் தூண்டிப் பார்த்தபோது, அக்கலங்களில் தழும்புகள் பெருகியிருந்தன. நடந்ததா என்பதை மட்டுமன்றி, எவ்வளவு நேரம், எவ்வளவு வலுவாக நடந்தது என்பதையும் தழும்புகளின் அளவு காட்டுவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

ஆனால் எது முதலில், எது பின்னர் என்பதைச் சிதறிக் கிடக்கும் தழும்புகளிலிருந்து அறிவது கடினம். அருகருகே இரண்டு வெட்டுகள் விழுந்தால் இடைப்பட்ட பழைய பதிவே அழிந்துபோகக்கூடும். பற்றீரியாவில் இச்சிக்கல் குறைவு. தன்னைத் தாக்கிய வைரசின் டி.என்.ஏ. துணுக்கை அது தன் டி.என்.ஏ.யிலுள்ள துணுக்கு வரிசையின் ஒரே முனையில் எப்போதும் சேர்ப்பதால், காலவரிசை தானாகவே அமைகிறது. இதைக்கொண்டு 2017 இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தினர் ஓடும் குதிரையின் ஐந்து படங்களை நாளுக்கொன்றாகப் பற்றீரியாவின் டி.என்.ஏ.யில் எழுதி, ஒழுங்கு குலையாமல் மீட்டெடுத்தார்கள். விலங்குக் கலங்களுக்கு 2022 இல் அமெரிக்காவின் சியாற்றில் நகர ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டார்கள். இரண்டு இழைகளையும் வெட்டாமல் சில எழுத்துகளைச் செருகும் அம்முறையில், ஒவ்வொரு செருகலும் அடுத்த செருகலுக்கான இடத்தைத் திறந்துவிடுவதால், பதிவுகள் நடந்த ஒழுங்கிலேயே அமைகின்றன.

ஏட்டில் எழுத்தாணி கீறிய எழுத்து மை பூசிய பின்னரே துலங்குவதுபோல, இப்பதிவும் டி.என்.ஏ.யின் எழுத்து வரிசையை வாசித்த பின்னரே தெரியவரும். அதற்குப் பெரும்பாலும் கலத்தை உடைத்தாக வேண்டும்.

நான் மேலே சொன்னவை யாவும் ஆய்வுகூடச் சோதனைகளே. நோயாளருக்கான சிகிச்சைகள் அல்ல. ஆயினும் எலிகளில் பதித்த மனித நுரையீரல் புற்றுநோய்க் கலங்கள் எந்த இழையத்திலிருந்து எதற்குப் பரவின என்பதை, 2021 இல் வெளியான ஆய்வொன்று இத்தகைய தழும்புகளைக்கொண்டே வரைந்து காட்டியது.