சூட்டை உணர்வது எது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாக்டீரியாக்கள் நெருக்கடியைச் சமாளிப்பது பற்றி எழுதியிருந்தீர்கள். மூளையோ நரம்போ இல்லாத ஒற்றைச் செல்லில், வெப்பம் கூடியதை உணர்வது எது? இந்த மரபணுவை இப்போது இயக்கு என்று முடிவெடுப்பது எது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முடிவெடுக்க அங்கே யாரும் இல்லை. சேதமே செய்தியாகிறது.

ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவைப் பார்ப்போம். மரபணுவைப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸுக்கு எங்கே தொடங்குவது என்று தானாகத் தெரியாது. சிக்மா காரணி என்னும் புரதம் வந்து ஒட்டினால்தான் தொடக்க இடத்தைப் பிடிக்கும். ஈ. கோலையில் ஏழு சிக்மாக்கள் உண்டு; எது ஒட்டுகிறதோ, அதற்குரிய மரபணுக்கள் இயங்கும். வளரும் காலத்தில் சிக்மா 70 கோலோச்சும். சூட்டுக்கு சிக்மா 32. ஆகவே, சூடேறினால் சிக்மா 32 எப்படிப் பெருகுகிறது என்பதே உங்கள் கேள்வி.

30 டிகிரி செல்சியஸிலும் அது உருவாகிக்கொண்டுதான் இருக்கிறது, நிலைப்பதில்லை. டிஎன்ஏகே என்ற புரதம் அதைப் பிடித்துக்கொள்ள, எஃப்டிஎஸ்ஹெச் என்ற நொதி சிதைத்துவிடுகிறது. ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் பாதி காலி! ஆனால் டிஎன்ஏகேயின் முதன்மை வேலை வேறு: மற்ற புரதங்கள் சரியாக மடிய உதவுவது. வெப்பம் திடீரென 42 டிகிரிக்கு ஏறினால் புரதங்கள் குலைகின்றன. டிஎன்ஏகே அவற்றிடம் சிக்கிக்கொள்ள, சிக்மா 32 விடுபடுகிறது. காவலர்கள் தீயணைக்க ஓடியதும் கைதி வெளியே வருகிறான். வந்தவன் செய்வதோ, மேலும் காவலர்களைத் திரட்டுவது. ஆம், சிக்மா 32 இயக்கும் மரபணுக்களில் டிஎன்ஏகேயின் மரபணுவும் ஒன்று. சேதம் சீராகி, கையிருப்பில் டிஎன்ஏகே மிஞ்சியதும் சிக்மா மறுபடி பிடிபடுகிறது. எனக்கு இதில் சலிப்பே வருவதில்லை.

சூட்டை நேரடியாக உணர்வதும் உண்டு. சிக்மா 32 மரபணுவின் படியான தூது ஆர்.என்.ஏ. குளிர்ந்த நிலையில் மடங்கி, புரதம் தயாரிக்கும் ரைபோசோம் அமரும் இடத்தை மறைத்துக்கொள்கிறது. சூட்டில் மடிப்பு நெகிழ, புரத உற்பத்தி கூடுகிறது.

பட்டினிக்கு வழி வேறு. புரதத்தின் கட்டுமானப் பொருளான அமினோ அமிலம் தீர்ந்தால், அதைச் சுமந்து வரும் டி.ஆர்.என்.ஏ. வெறுங்கையோடு ரைபோசோமில் வந்து அமர்கிறது. அதைக் கண்டதும் ரெல்ஏ என்ற நொதி பிபிஜிபிபி என்ற சிறு மூலக்கூறைத் தயாரிக்கிறது. 1969இல் இதை முதலில் கண்டவர்கள், அடையாளம் தெரியாமல் 'மாயப்புள்ளி' என்றே அழைத்தார்கள். அது பாலிமரேஸில் ஒட்டிக்கொண்டு, ரைபோசோம் கட்டத் தேவையான ஆர்.என்.ஏ.வின் படியெடுப்பை அடக்குகிறது. உணவில்லாதபோது புதிய ரைபோசோம்கள் எதற்கு?

பட்டினிக்கால சிக்மா 38ம், செல் செழித்து வளரும்போது உருவாக உருவாகச் சிதைக்கப்படுவதுதான். உண்டாக்கி அழிப்பது ஊதாரித்தனமாகத் தோன்றலாம். ஆனால் அழிப்பதை நிறுத்தினாலே போதும், அளவு உயர்ந்துவிடும். நெருக்கடியில் புதிதாக உற்பத்தியைத் தொடங்கக் காத்திருக்க வேண்டியதில்லை.