மீந்ததை என்ன செய்யலாம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வெயில் ஏற ஏற மீந்த சாப்பாட்டைப் பற்றிய கடிதங்களும் ஏறும். இந்த முறை பாதிக்கு மேல் சோறுதான்.

குக்கர் சாதத்தில் பழையது போட்டால் கொழகொழவென்று ஆகி, வாடையும் வருகிறது. அம்மா செய்தால் இப்படி வந்ததே இல்லை. (கோவை)

அம்மா கஞ்சி வடித்திருப்பார். குக்கரில் கஞ்சி உள்ளேயே நின்றுவிடும், ஊறினால் குழையும். புழுங்கலரிசியை வடித்துச் செய்யுங்கள். வாடைக்குக் காரணம் வேறு. எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, சோற்றை மூடி வைத்து, படுக்கப் போகும்போது தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். சூடும் இல்லாமல் ஆறியும் போகாமல் வெதுவெதுவென்று கிடக்கும் அந்த மூன்று மணி நேரம்தான் சோற்றைக் கெடுக்கிறது. சாப்பிட்டு எழுந்ததுமே அகலத் தட்டில் பரப்பி, அரை மணியில் ஆறவைத்து, காய்ச்சி ஆறிய தண்ணீரை இரண்டு விரல் மேலே நிற்க ஊற்றுங்கள். நல்ல பழையதில் மோர் போல இளம் புளிப்பு வாசம் வரும். தயிரைப் புளிக்க வைக்கிற அதே வகை லாக்டிக் அமில பாக்டீரியாதான் இங்கேயும் வேலை செய்கிறது; அந்தப் புளிப்பு மற்ற கிருமிகளைத் தலையெடுக்க விடாது. வழவழப்போ, அழுகல் வாடையோ இருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். கோடையில் எட்டு மணி நேர ஊறல் போதும்.

பழைய சோற்றில் இரும்புச்சத்து இருபது மடங்கு கூடுகிறதாமே?

இதே வாட்ஸப் செய்தியை இதுவரை பத்துப் பேராவது அனுப்பியிருப்பீர்கள். சட்டியில் இல்லாத இரும்பு, தண்ணீர் ஊற்றியதும் எங்கிருந்து வரும்? அரிசியில் உள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; புளிக்கும்போது அது குறையும். அதனால் இருக்கிற இரும்பை உடம்பு கொஞ்சம் எளிதாக எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். சோகைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அதை நிறுத்தாதீர்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் பழையது சாப்பிடலாமா?

ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு சிறு பகுதி எளிதில் செரிக்காத வகையாக மாறுகிறது. அதை நம்பி இரண்டு கிண்ணம் சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அளவு முக்கியம்.

குழம்பு கெட்டுப்போகிறது. என்ன செய்வது?

எந்தக் குழம்பு? தேங்காய் அரைத்ததா, புளி கரைத்ததா? எத்தனை மணிக்கு இறக்கினீர்கள், எங்கே வைத்தீர்கள்? ஒன்றும் சொல்லாமல் கேட்டால் நான் என்ன பதில் எழுதுவது? தேங்காய் சேர்ந்தது சீக்கிரம் ஊசிப்போகும், வற்றக்குழம்பு தாங்கும். மறுபடி எழுதுங்கள், விவரமாக.

சாம்பாரை மூன்று வேளையும் கொதிக்க வைக்கிறேன். கிருமியெல்லாம் செத்துவிடும்தானே? (திருச்சி)

கிருமி சாகும். அது விட்டுப்போகும் நஞ்சு எல்லாம் அழியாது. பாசில்லஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது. அரிசி, பருப்பு, மசாலா எல்லாவற்றிலும் அதன் வித்துகள் இருக்கும், சமையல் கொதியையும் தாங்கிவிடும். சாப்பாடு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகும். குறிப்பாகச் சோற்றில், வாந்தியைக் கிளப்பும் ஒரு நஞ்சு சேரும். அது எவ்வளவு கொதித்தாலும் போகாது. அதனால் காலையில் கொதிக்க வைப்பதைவிட இரவில் சீக்கிரம் ஆறவைப்பதுதான் பெரிய வேலை. அகலப் பாத்திரம், இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜ். மறுநாள் தேவையானதை மட்டும் எடுத்து, ஒரே ஒரு முறை தளதளவென்று கொதிக்க வையுங்கள். முழுச் சட்டியையும் வெளியே எடுத்துச் சூடாக்கித் திரும்ப உள்ளே வைக்கிற பழக்கத்தை விடுங்கள்.

இட்லி மறுநாள் கல்லாகிவிடுகிறது.

கல்லான இட்லிதான் உப்புமாவுக்கு நன்றாக உதிரும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே உதிர்த்து, கடுகு, உளுந்து, வெங்காயம், பச்சை மிளகாய் தாளித்துப் புரட்டுங்கள். சூடாக்கிவிட்டு உதிர்த்தால் பிசைந்த மாவாகிவிடும். முழு இட்லியாகவே வேண்டுமென்றால் தண்ணீர் தெளித்து ஆவியில் ஐந்து நிமிடம்.

நாங்கள் நேற்று வைத்ததைச் சாப்பிட மாட்டோம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குக் கொடுத்துவிடுவோம். ஃபிரிட்ஜில் எத்தனை நாள் வரை வைத்திருந்து கொடுக்கலாம்? (சென்னை)

இந்தக் கேள்வி வேறு வேறு வார்த்தைகளில் வருஷம் முழுக்க வருகிறது. இந்த முறை விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வயிற்றுக்கு ஒரு நாள், அவர் வயிற்றுக்கு மூன்று நாள் என்று கணக்கு கிடையாது. ஃபிரிட்ஜில் வைத்த சோறோ பொரியலோ யாருக்கானாலும் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதற்குப் பிறகு அது குப்பை, தானம் அல்ல. நீங்கள் முகர்ந்து பார்த்து ஒதுக்கியதை அவர் வாங்கிக்கொண்டு போய்ப் பிள்ளைகளுக்குப் போடுவார். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அவருக்கு இரண்டு நாள் கூலி போகும். உங்களுக்குத் தெரியவே தெரியாது.

நான் இருபத்தைந்து வருஷம் மெஸ் நடத்தினேன். என் இலையில் போட்டுக்கொள்ளாததை யாருக்கும் கட்டித் தந்ததில்லை. கொடுப்பது நல்ல பழக்கம், அதை நிறுத்தச் சொல்லவில்லை. சமைத்ததும், நீங்கள் கை வைப்பதற்கு முன்பே ஒரு டப்பாவில் எடுத்து வையுங்கள். அன்றைக்கே கொடுங்கள். "காலையில் வைத்தது, தேங்காய் போட்டிருக்கேன், ராத்திரிக்குள்ள சாப்பிட்டுடுங்க" என்று சொல்லிக் கொடுங்கள். வேண்டாமென்றால் வேண்டாம் என்று அவர் சொல்லட்டும், அதற்காக முகம் சுளிக்காதீர்கள்.

இன்னொன்று. தினமும் மீந்துபோகிறதென்றால் உலை அளவு தப்பு. நாலு பேருக்கு ஒரு வேளைக்குச் சுமார் 300 கிராம் அரிசி தாராளம். அப்புறம், நேற்று வைத்ததை ஏன் சாப்பிட மாட்டீர்கள்? மீந்த மசால் வடையைக் குழம்பில் போட்டதுதான் வடகறி ஆனது என்பார்கள். இப்போது சைதாப்பேட்டை வடகறியை ஊரே தேடிப் போய்ச் சாப்பிடுகிறது. உங்கள் பொரியலை நாளைக்கு அடை மாவில் கலந்து ஊற்றிப் பாருங்கள்.

சுண்டக்கறிக்கு என்னென்ன சேர்க்கலாம்? கல்யாண வீட்டு ருசி வரமாட்டேன் என்கிறது. (நெல்லையிலிருந்து வந்து மும்பையில் இருப்பவர்)

மீந்ததையெல்லாம் ஒன்றாகச் சுண்ட வைப்பதுதானே சுண்டக்கறி? சாம்பார், கூட்டு, அவியல், பொரியல் எல்லாம் போகும். தயிர்ப் பச்சடி, பாயசம் பக்கமே வரக் கூடாது. ருசி வராததற்குக் காரணம் அவசரம். கனத்த சட்டியில், சின்னத் தீயில், எண்ணெய் மேலே மிதந்து கறி கரண்டியில் ஒட்டும்வரை சுண்டவேண்டும்; ஒரு மணி நேரமாவது ஆகும். அவியல் சீக்கிரம் புளிக்கும் என்பதால் அதை மட்டும் தனியே நுனி நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே கொட்டுங்கள். ஒரு கரண்டி ஊசியிருந்தாலும் சட்டி முழுக்கப் போச்சு.

டொரண்டோவில் பனிக்காலத்தில் பழஞ்சோறு புளிக்கவே மாட்டேன் என்கிறது. குழையலுக்கு ருசியில்லை.

வீட்டுக்குள் 20 டிகிரிதான் என்றால் பாக்டீரியா மெதுவாகத்தான் வேலை செய்யும். தண்ணீரோடு இரண்டு கரண்டி புளித்த மோர் விடுங்கள். விளக்கு மட்டும் எரியும் ஓவனுக்குள் வைத்தால் காலையில் சரியாகிவிடும். யாழ்ப்பாணத்துக் குழையலில் முந்தின நாள் கறிகளும் சேரும் அல்லவா, அவற்றை ஓவனில் வைக்காதீர்கள். இரவு ஃபிரிட்ஜ், காலையில் கொதி, ஆறிய பிறகு சோற்றில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துப் பிசைந்து உருட்டுங்கள்.

மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்கிறார்கள். வெளியிலேயே வைக்கலாமா?

ருசி உண்மை, புளியும் காரமும் மீனில் இறங்கியிருக்கும். ஆனால் வெளியே வேண்டாம். மத்தி, கானாங்கெளுத்தி, சூரை போன்றவற்றில், வெக்கையில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும். உடம்பு தடித்துச் சிவந்துபோகும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. அகலப் பாத்திரம், ஃபிரிட்ஜ், ஒரே முறை சூடு. கரண்டியால் கிளறாதீர்கள், சட்டியைப் பிடித்துச் சுற்றிவிட்டால் துண்டு உடையாது.