கரிசல் மண்ணில் கூடைப்பந்துத் தளம்: கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் பல வருடமாகப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். தளம் அமைப்பது பற்றி நம் பக்கத்து ஆட்கள் கேட்டவையும் என் பதில்களும் இவை.

மானூர் இளைஞர்: அண்ணாச்சி, எங்க ஊர் முழுக்கக் கரிசல். தளம் போட்டால் வெடித்துவிடும் என்கிறார் கொத்தனார். நிஜமா?

அவர் சொல்வது சரிதான் தம்பி. கரிசல் ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பும், கோடையில் பிளக்கும். மேலே இருக்கும் காங்கிரீட்டும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். அதனால் கரிசலைத் தோண்டி அகற்றிவிட்டுச் சரள் கொட்டுங்கள். அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டுங்கள். எத்தனை அடி தோண்டணும் என்பதை உங்கள் மண்ணைப் பார்த்த பொறியாளர் சொல்லட்டும். காங்கிரீட்டை ஒரே பாளமாக ஊற்றாமல் கட்டம் கட்டமாகப் பிரித்து ஊற்றணும். மழைத்தண்ணீர் ஓட நூறு அடிக்கு ஓர் அடி சரிவு போதும்.

ஆடுதளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். கோட்டுக்கு வெளியே சுற்றிலும் 2 மீட்டர் விடணும் என்பதால் 32க்கு 19 இடம் தேடுங்கள். நீளவாக்கு வடக்கு தெற்காக இருக்கட்டும். இல்லையென்றால் காலையிலும் சாயங்காலமும் ஓர் அணிக்கு வெயில் நேரே கண்ணில் அடிக்கும்.

அப்புறம், ஊற்றிய பின் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, குறைந்தது பத்து நாளாவது நனைய விடுங்கள். திறப்பு விழாத் தேதிக்காக இதைத்தான் முதலில் குறைக்கிறார்கள். ஆறு மாதத்தில் மேல்பூச்சு புழுதியாகப் பெயர்ந்து, வேகமாக ஓடிவந்து திரும்புகிற பிள்ளை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு விழுகிறாள். பார்க்க வயிறு எரிகிறது.

உவரி: கடல்காற்றில் ரிங் துருப்பிடித்து உதிர்கிறது.

துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. குழாயில் கம்பம் செய்யுங்கள். துரு எப்போதும் வெல்டிங் வைத்த இடத்திலும் போல்ட்டிலும்தான் ஆரம்பிக்கும். வருடம் ஒருமுறை, மழைக்கு முன்னால், சுரண்டிப் பெயிண்ட் அடித்துவிடுங்கள்.

அம்பாசமுத்திரம், தொடக்கப்பள்ளி ஆசிரியை: எங்கள் பிள்ளைகள் எறிந்தால் பந்து ரிங்குக்கே எட்டவில்லை சார்.

எட்டாதும்மா. 3.05 மீட்டர் உயரம் பெரியவர்களுக்கு. சிறுவர் ஆட்டத்துக்கு 2.60 மீட்டர், 5ஆம் எண் பந்து. உயர ரிங்கில் பழகுகிற பிள்ளை பந்தை இடுப்புக்குக் கீழே கொண்டுபோய், இரண்டு கையாலும் வீசி எறியும். அந்தப் பழக்கம் கையில் ஏறிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. உயரத்தை ஏற்றி இறக்குகிற மாதிரி கம்பத்தில் துளை போட்டு வாங்குங்கள்.

திசையன்விளை: முழுத் தளத்துக்கு இடமும் இல்லை, பணமும் இல்லை.

ஒரு ரிங்கோடு ஆடும் மூவர் ஆட்டத்துக்கு 15க்கு 11 மீட்டர் போதும். டோக்கியோவிலிருந்து அது ஒலிம்பிக் ஆட்டமே. பணத்துக்கு ‘நமக்கு நாமே’ திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். ஊர் மூன்றில் ஒரு பங்கு திரட்டினால் மீதி அரசு தரும்.

பேட்டை, கல்லூரி மாணவி: 1980 மாஸ்கோவுக்குப் பிறகு நம் அணி ஒலிம்பிக் பக்கமே போகவில்லை. பெரிய உள்ளரங்கங்கள் கட்டினால் சரியாகுமா சார்?

உள்ளரங்கம் வேண்டும்தான், அடைமழை மாதங்களில் நமக்குப் பயிற்சியே நின்றுபோகிறது. ஆனால் முதல் செலவு அது இல்லை என்பேன். பிலிப்பைன்ஸில் தெருவுக்குத் தெரு ரிங் தொங்குகிறது, பல ஊர்களில் கூரை போட்ட பொதுத் தளமும் உண்டு. அதனால்தான் அங்கே ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. நம் பெரியகுளத்தையே பாருங்கள். பல பத்தாண்டுகளாக அங்கே நடக்கும் அகில இந்தியப் போட்டியைப் பார்க்க ஊரே திரண்டு உட்காருகிறது.

நம்மிடம் இருக்கிற தளங்கள் பள்ளி விட்டதும் பூட்டிக் கிடக்கின்றன. சாவியை யாராவது பொறுப்பானவரிடம் கொடுத்து, காலை ஐந்தரைக்கும் இரவு எட்டு வரைக்கும் திறந்து வைத்தால் தளம் இரண்டு மடங்கான மாதிரி. பெண் பிள்ளைகள் வரணும் என்றால் நாலு எல்.இ.டி. விளக்கும் தண்ணீர் வருகிற கழிப்பறையும் கட்டாயம். இந்த இரண்டும் இல்லாததால் பத்தாம் வகுப்போடு நின்றுபோன நல்ல ஆட்டக்காரிகளை எனக்குத் தெரியும். இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய அனிதா பால்துரை 2021இல் பத்மஸ்ரீ வாங்கினார். அப்படி ஒருத்தி நம் பக்கமிருந்தும் வரலாம், அவள் விளக்கில்லாமல் வீடு திரும்பாமல் இருந்தால்.

வள்ளியூர்: ரப்பர் பந்தா, தோல் பந்தா?

காங்கிரீட்டுக்கு ரப்பர். தோல் சீக்கிரம் உரிந்துவிடும். பெண்களுக்கு 6, ஆண்களுக்கு 7. காற்றடிக்கும்போது ஊசியை நனைத்துச் செருகுங்கள், காய்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும்.